அய்யாவு மாற்றிய ரேடியேட்டர்

ரப்பர் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் டிரைவர் அய்யாவு குடியிருந்தார். அதற்கு முந்தியது எங்கள் வீடு. நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவர் வீட்டில் பேசினால் எங்களுக்குக் கேட்கும். பேசாமல் இருந்தால் அதுவும் கேட்கும். சயாமுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த அந்த வருஷத்தில் பேசாமல் இருந்ததுதான் அதிகம் கேட்டது.

ஜப்பான் பட்டாளம் வருகிறது என்று வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன அன்று தோட்டத்து மோரிஸ் கார் கிளம்பவில்லை. துரை நண்பர் ஒருவரின் காரில் ஏறிப் பினாங்குக்குப் போனார். மோரிஸ் தங்கியது. அது தங்கியதால் அய்யாவுவும் தங்கினார். பிறகு பங்களாவுக்கு வந்த ஜப்பான் அதிகாரியையும் நாங்கள் பழக்கத்தில் துரை என்றே சொன்னோம். அவருக்காக அய்யாவு அந்தக் காரை மறுபடி ஓட வைத்தார். ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் ஓடிய கார். அது போய் வெகுநேரம் ஆன பிறகும் வழியில் கருகிய நாற்றம் நிற்கும்.

அய்யாவு அதிகம் பேசுகிறவர் அல்ல. சின்ன வயதில் சுங்கைப்பட்டாணியில் ஒரு சீனருடைய வாடகைக் கார்களைக் கழுவப் போய், கழுவிக்கொண்டே பிரிக்கவும் பூட்டவும் பழகியவர். என்ஜின் ஓடும்போது தலையைச் சாய்த்து இடது காதை அதற்குக் கொடுப்பார். மனைவி பேசும்போதும் அதே சாய்வுதான். "நான் என்ன என்ஜினா? மூஞ்சியைப் பாத்துக் கேளுங்க" என்பாள் அழகம்மா. அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். இருவருக்கும் சேர்த்துப் பேசுகிறவளும் அவள்தான்.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துப்போன முதல் கூட்டத்திலேயே அய்யாவுவின் தம்பி போய்விட்டான். கொஞ்ச நாளில் திரும்பலாம் என்றுதான் ஏற்றினார்கள். ஒரு சேதியும் வரவில்லை. காற்றில் வந்த சேதி எதுவும் நல்லதாக இல்லை. அய்யாவுவை மட்டும் யாரும் தொடவில்லை. கார் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

அந்தக் கார்தான் ஒரு நாள் காலை நின்றது. புக்கிட் செலம்பாவிலிருந்து துரையை ஏற்றிக்கொண்டு வரும்போது, தோட்டத்துக்குள் திரும்பும் ஏற்றத்தில், என்ஜினுக்கு முன்னால் சுற்றும் விசிறியின் இதழ் ஒன்று முறிந்தது. முறிந்த வேகத்தில் பாய்ந்து ரேடியேட்டரின் நெஞ்சைக் கிழித்தது. மரத்தில் கத்தி இழுத்ததுபோல் சாய்வாக ஒரு கோடு. அந்தக் கோட்டின் வழியாகத் துருத் தண்ணீர் வழிந்து மண்ணில் இறங்கியது.

துரை இறங்கிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னார்: "இசோக் பாகி. கெரெத்தா ஜாலான், காமு திங்கால். கெரெத்தா தா ஜாலான், காமு ஜாலான்."

நாளைக் காலை. கார் போனால் நீ இரு. கார் போகாவிட்டால் நீ போ. எங்கே என்று அவர் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆள் ஏற்றும் லாரி வருவது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கார்க் கொட்டகை முழுக்க மரவள்ளிக் கிழங்கு கொட்டிக் கிடந்தது. அதனால் காரைத் தள்ளிக்கொண்டு வந்து அய்யாவு வீட்டுப் பலாமரத்தடியில் நிறுத்தினோம். பால் வாளியோடு வந்த அழகம்மா கிழிசலைப் பார்த்தாள்.

"ஈயம் வச்சு ஒட்ட முடியாதா?"

"தண்ணி போற குழலு பூரா அறுந்துபோச்சு. ஒட்டறதுக்கு என்ன இருக்கு? வேற பெட்டிதான் மாத்தணும்."

"கடையே இல்லாத காலத்துல பெட்டி எங்க கெடைக்கும்?"

"மளிகைக்கடை மெய்யப்பன்கிட்ட இருக்குன்னு பேச்சு. சுங்கைப்பட்டாணிக்குப் போயிட்டு வந்துர்றேன்."

"நடந்து போயா? சுமந்துகிட்டு நடந்து வந்தா விடிஞ்சிடும்."

எதிர் லயத்துத் தர்மலிங்கம் இதைக் கேட்டுக்கொண்டே தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனும் பால் வெட்டுகிறவன். தாய் தகப்பன் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. மறுநாள் லாரிக்கான பட்டியலில் அவன் பெயர் ஏற்கெனவே இருந்தது.

எங்கள் லயங்களில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் சிலர் உண்டு. டியூப் வைத்திருந்தவன் தர்மலிங்கம் ஒருவன்தான். மற்றவர்கள் டயருக்குள் தென்னங்கயிற்றை அடைத்து, பல் ஆட ஆட ஓட்டினார்கள். அவன் கல் ரோடு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். அந்த டியூப்பைக் கழற்றவும் மாட்டவும் அடுத்தவர் கையை விடமாட்டான். "உங்களுதெல்லாம் வாளி தூக்கற கை லா. டியூப்புக்கு டாக்டர் கை வேணும்" என்பான்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றான். "நாளைக்கு எனக்கு லாரி வருது. ராஜா மாதிரி போகப் போறேன். இன்னைக்கு இது உங்களுக்கு ஒழைக்கட்டும்."

அய்யாவு அவன் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைப் பிடித்தார்.

"கல்லு ரோட்டுல..."

"எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போவேன். தெரியும்டா."

கிளம்புமுன் அவர் ஒரு மரவள்ளிக் குச்சியை ஒடித்துக் காரின் சட்டத்தில் ஊன்றினார். என்ஜினிலிருந்து சுடுதண்ணீர் வெளியே வரும் வாய்க்கு நேராகக் குச்சியில் கத்தியால் ஒரு வெட்டு வைத்தார். அகலத்துக்கு இன்னொரு குச்சி. அந்த மோரிஸில் தண்ணீரைத் தள்ள பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக ஏறி ரேடியேட்டரின் தலைக்குப் போகும். அங்கே காற்றுப் பட்டு ஆறிக் கீழே இறங்கும். ரேடியேட்டரின் தலை என்ஜினின் வாயைவிடத் தாழ்ந்திருந்தால் தண்ணீர் ஏறாது. இருந்த இடத்திலேயே கொதித்துவிடும். ஆகவே பெட்டி எவ்வளவு நல்லது என்பது இரண்டாவது கேள்விதான். எவ்வளவு உயரம் என்பதுதான் முதல் கேள்வி.

மெய்யப்பன் கடையில் அப்போது கோலா கெடாக் கருவாடும் மரவள்ளி மாவும் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் பின்கொட்டகையில், சாக்குகளுக்கு அடியில், வெள்ளைக்காரப் பட்டாளம் ஓடும்போது பள்ளங்களில் விட்டுப்போன வண்டிகளின் உறுப்புகள் இருந்தன. பித்தளை, செம்பு என்று எது கண்ணில் பட்டாலும் ஜப்பான்காரர்கள் வாரிக்கொண்ட காலம். அகப்பட்டால் மெய்யப்பனைக் கேள்வி கேட்க மாட்டார்கள். நேரே அடிதான்.

"சீக்கிரம் பாருங்க டிரைவரே. முன்னாடி எவனாவது வந்தா இருமுவேன். இருமினா நீங்களும் ஒரு சாக்கு மாதிரி உக்காந்துக்கிடணும்."

சாக்கை நீக்கியதும் முதலில் கிடைத்தது பட்டாளத்து லாரியின் ரேடியேட்டர். பச்சைப் பூச்சுக்கூட உரியாதது.

"இதை எடுத்துக்கிடுங்க. புதுப்பொண்ணு மாதிரி இருக்கு."

அய்யாவு குச்சியை அதன் பக்கத்தில் நிறுத்தினார். கத்தி வெட்டு ரேடியேட்டரின் தலைக்கு மேலே நின்றது.

"குட்டை."

"அடியில கட்டை குடுத்து ஒசத்துங்களேன்."

அகலக் குச்சியை வைத்தார். பெட்டி அதைத் தாண்டி இரண்டு பக்கமும் நீண்டது. "சட்டத்துக்குள்ள எறங்காது மொதலாளி. சக்கரத்து மேல ஏறி நிக்கும்."

"இவ்வளவு நல்ல பொருளை வேணாங்கிறீங்க."

"நல்ல பொருள்தான். என் காருக்கு ஆவாது."

அடியில் இன்னொன்று இருந்தது. ஏதோ வாடகைக் காருடையது. ஒல்லியாக, உயரமாக, தகட்டு மடிப்புகளெல்லாம் நசுங்கி, நனைந்து காய்ந்த புத்தகத்தின் தாள்கள் போல. குச்சியின் வெட்டு அதன் தலைக்குக் கீழே நின்றது. அய்யாவு அதைத் தூக்கிக் கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக வந்த வெயிலுக்கு நேரே பிடித்தார். நசுங்கிய மடிப்புகளுக்கு இடையிலும் வெளிச்சம் பொட்டுப் பொட்டாக வந்தது. அடைப்பு இல்லை. ஒரே ஒரு தொல்லை: என்ஜினிலிருந்து குழாய் வந்து சேரும் மேல்வாய் நடுவில் இல்லை, இடது ஓரத்தில் இருந்தது.

ஓட்டை பார்க்க வேண்டும். கொட்டகைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து, கீழ்வாயை உள்ளங்கையால் அடைத்து, மேல்வாயில் மூச்சை ஊதி அதையும் அடைத்து, பெட்டியைத் தண்ணீரில் முக்கினார். ஒரு மூலையிலிருந்து குமிழிகள் ஏறத் தொடங்கின. அந்த நேரத்தில் முன்னால் மெய்யப்பன் இருமினார்.

பூட்ஸ் சத்தம். சுருட்டோ தீக்குச்சியோ கேட்கும் ஒரு குரல். மெய்யப்பன் "அடா, அடா துவான்" என்று குழைந்தார். இருக்கிறது, இருக்கிறது ஐயா. தொட்டிக்குள் குமிழிகள் விடாமல் குளுக் குளுக்கென்றன. இரண்டு கையும் வாய்களை அடைத்திருந்தன. கையை எடுத்தால் உள்ளே இருந்த காற்று முழுக்க ஒரே சத்தமாக வெளியே வரும். அய்யாவு கீழ்வாயை முழங்காலால் அழுத்திக்கொண்டு, விடுபட்ட கையின் கட்டைவிரலால் குமிழி வந்த இடத்தைத் தேடி அமுக்கினார். சத்தம் நின்றது. முழுவதும் நின்றது.

பூட்ஸ் போன பிறகும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். மெய்யப்பன் வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன டிரைவரே, உசுரு இருக்கா?"

"ஓட்டை ஒண்ணுதான். வேற எங்கயும் இல்லை" என்றார் அய்யாவு.

பெட்டிக்கு விலையாக அழகம்மாவின் சேவல் என்று பேச்சு. "உங்களை எவனாவது, எங்க எடுத்தேன்னு கேட்டா?" என்றார் மெய்யப்பன். "பள்ளத்துல கெடந்துச்சு. உங்க கடை எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது." பெட்டியைச் சாக்கில் சுற்றி, மேலே மரவள்ளித் தழையைப் போட்டுக் கட்டிக்கொண்டு, கல் ரோட்டில் தள்ளியும் மண் ரோட்டில் மிதித்தும் வெயில் தாழுமுன் வந்து சேர்ந்தார்.

பலாமரத்தடியில் வேலை நடந்தது. அடுப்புக்கரியில் இரும்பைக் காய்ச்சி மூலை ஓட்டைக்கு ஈயம் வைத்தார். பழைய பெட்டியைக் கழற்றினார். விசிறியில் முறிந்த இதழுக்கு எதிரே இருந்த நல்ல இதழையும் அறுத்து எடுத்தார். "நல்லதை ஏங்க அறுக்கறீங்க?" என்று அழகம்மா அலறினாள். "ஒரு பக்கம் மட்டும் இருந்தா ஆடும். ஆடினா இன்னொண்ணும் முறியும்." புதுப்பெட்டியின் காதுத் துளைகள் சட்டத்தின் துளைகளோடு சேரவில்லை, ரப்பர்ப் பெட்டிப் பலகையில் துண்டு செதுக்கி நடுவில் கொடுத்து முடுக்கினார். பெட்டி உயரமாக இருந்ததால் என்ஜின் மூடி படியவில்லை. அதைக் கம்பியால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மிச்சம் இருந்தது மேல் குழாய். பழையதை விசிறி கடித்துக் குதறியிருந்தது. இடது ஓரத்து வாயைத் தொட அதைவிட நீளமான, வளைகிற ரப்பர்க் குழாய் வேண்டும். மெய்யப்பனிடம் அது இல்லை. சுங்கைப்பட்டாணியில் யாரிடமும் இல்லை.

வேடிக்கை பார்க்க வந்திருந்த கங்காணி சின்னையா சிரித்தார். "ரப்பர் தோட்டத்துல உக்காந்துகிட்டு ரப்பர்க் குழாய்க்கு அழுவாங்களா? பால் இல்லையா? கை இல்லையா?"

அது எங்கள் எல்லோருக்கும் சரியாகவே பட்டது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை ரப்பர் மரம். அழகம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூங்கில் துண்டு ஒன்றை எடுத்தாள். பழந்துணியைப் பட்டையாகக் கிழித்துப் பாலில் தோய்த்து மூங்கில்மேல் சுற்றினாள். உறைய வைத்தாள், அழுத்தினாள், மறுபடி பால், மறுபடி துணி. லயத்துப் பெண்கள் ஆளுக்கொரு கை பிடித்தார்கள். அடுப்புப் புகையில் காட்டிக் காட்டி உலர்த்தி மூங்கிலை உருவியபோது தேன் நிறத்தில் அழகான குழாய். வளைத்தால் வளைந்தது. இழுத்தால் இழுபட்டது. அய்யாவு அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அத்தனை பெண்கள் முன்னால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் குழாயை மாட்டி, தண்ணீர் நிரப்பி, என்ஜினை முடுக்கினார். கார் கிளம்பியது. பிள்ளைகள் கத்தினார்கள். அழகம்மா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அய்யாவு மட்டும் இடது காதைச் சாய்த்து நின்றார்.

கொஞ்ச நேரத்தில் குழாய் பளபளத்தது. பிறகு நடுவில் தொய்ந்தது. அய்யாவு கை வைத்தபோது விரலோடு பலாப்பிசின் போல நூல் நூலாக வந்தது. அவர் என்ஜினை நிறுத்தப் பாயுமுன் குழாய் வாய்பிளந்து சுடுதண்ணீரை அவர் முழங்கையில் கொட்டியது.

மரத்தில் கத்தி வைப்பதிலிருந்து தகடாக்கிப் புகை போடுவதுவரை எங்களுக்கு அத்துப்படி. அதோடு பெட்டியில் அடைத்து அனுப்பிவிடுவோம். கப்பலேறிப்போன பிறகு எந்த ஊரிலோ கந்தகம் சேர்த்து வேகவைத்து அதைச் சூடு தாங்கும் பொருளாக்குகிறார்கள் என்பதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. எங்கள் ரப்பர் எங்களிடம் இருக்கும்வரை வெறும் பால்தான்.

கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டார். "அய்யாவு, துணிமணியைக் கட்டி வச்சிடு. காலையில அவசரப்பட வேணாம்."

"குழாய் யோசனை சொன்ன வாய்தானே அது?" என்றாள் அழகம்மா. "கிட்ட வாங்க கங்காணியாரே. மிச்சப் பாலை அதுல ஊத்தறேன், கெட்டியா ஒட்டிக்கும்."

கங்காணி போய்விட்டார். அழகம்மா உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். அய்யாவு முழங்கையில் மரவள்ளி மாவை அப்பிக்கொண்டு காரின் படியில் உட்கார்ந்தார்.

தர்மலிங்கம் அவர் முன்னால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பின்சக்கரத்தைக் கழற்றத் தொடங்கினான்.

"என்னடா பண்றே?"

"டியூப்பு. கடையில வித்தது லா. சூடு தாங்கும்."

அய்யாவு எழுந்துவிட்டார். "வேணாம். அறுத்தா அப்புறம் சைக்கிளுக்கு ஆவாது."

"சயாமுல சைக்கிளா கேக்கறாங்க?"

"நீ போற எடத்துக்கு நான் போவாம இருக்க, உன் டியூப்பையே அறுக்கறதா? எந்த மூஞ்சியோட..."

"மூஞ்சியை விடுங்கண்ணே. நீங்களும் வந்தா எனக்கு என்ன லாபம்? லாரியில எடம்தான் நெருக்கும்."

பால் வெட்டும் கத்தியை எடுத்தான். அய்யாவு கை நீட்டினார். தர்மலிங்கம் கொடுக்கவில்லை. "நீங்க அறுத்தா கோணலாப் போவும்" என்று சொல்லி, டியூப்பைத் தொடைமேல் நீட்டி வைத்து, ஒரே இழுப்பில் அறுத்தான். அறுத்த பிறகு கொஞ்ச நேரம் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக உறை போட்டார்கள். சோப்புத் தண்ணீர் தடவி இரண்டு வாய்களிலும் ஏற்றினார்கள். அய்யாவு தன் காக்கிச் சட்டையின் கைகளைக் கிழித்துக் கொடுத்தார். அதை மேலே சுற்றிக் கயிற்றால் இறுக்கினார்கள். வேலை முடிந்ததும் அய்யாவு, "நீ வந்ததும் புது டியூப் வாங்கித் தர்றேன்" என்றார்.

"பினாங்கு டியூப்பா இருக்கணும். கயிறு சுத்திக் குடுத்தா வாங்க மாட்டேன்."

விடிந்ததும் துரை வந்தார். கம்பியால் கட்டிய மூடியையும் கை இல்லாத சட்டையையும் பார்த்தார். மூடியைத் திறக்கச் சொல்லிக் குழாயைத் தொட்டார். "இனி அப்பா?" இது என்ன?

"தியூப் பாசிக்கால், துவான்." சைக்கிள் டியூப், ஐயா.

துரை ஏறி உட்கார்ந்தார். ஆட்களை ஏற்றிய லாரி முன்னால் நின்றது. பெண்கள் அழுத சத்தத்தில் மோரிஸ் கிளம்பிய சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. அது நகர்ந்ததைத்தான் பார்த்தோம். அழகம்மா அழவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பிறகு நடந்தது அன்று மாலை பலகைச் சுவர் வழியாக வந்தது.

"இக்குட் லோரி" என்றாராம் துரை. லாரிக்குப் பின்னாலேயே போ. ஆட்கள் குதித்து ஓடாமல் பார்க்க வேண்டும். லாரி நடைவேகத்தில் ஊர்ந்தது. ஊர்ந்தால் ரேடியேட்டருக்குக் காற்று இல்லை, விசிறியிலும் பாதி இதழ்கள் இல்லை. முந்திப் போகலாமா என்று அய்யாவு கேட்டார். "இக்குட்" என்று மறுபடியும் சொன்னார் துரை. ஏற்றம் வந்தது. தகடு காயும் வாசம் அய்யாவுவின் மூக்குக்கு வந்தது. ரேடியேட்டரின் மூடி தடதடத்தது. அந்த இடத்தில் நின்றால் கார் போகவில்லை என்று அர்த்தம். லாரியில் இடமும் இருந்தது.

லாரியின் பின்பலகை ஓரத்தில் தர்மலிங்கம் காரின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். என்ஜின் மூடிக்கு அடியிலிருந்து ஆவி எழுவது ஓட்டுகிறவருக்குத் தெரியுமுன் அவனுக்குத் தெரிந்திருக்கும். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையைத் தட்டோ தட்டென்று தட்டினான். "ஐயோ, வயிறு! சாக்கிட் பெருட்!" லாரி நின்றது. காவல்காரன் அவனை இழுத்து இறக்கி, துப்பாக்கிக் கட்டையால் முதுகில் ஒன்று போட்டு, புதருக்கு அனுப்பினான். தர்மலிங்கம் அவசரப்படவே இல்லை.

அய்யாவு இறங்கினார். என்ஜினை நிறுத்தாமல், துணி சுற்றிய கையால் ரேடியேட்டர் மூடியை மெல்லத் திருகி ஆவியை விட்டார். கொண்டுவந்த தண்ணீரை நூல்போல ஊற்றினார். வேகமாக ஊற்றினால் காய்ந்த என்ஜின் வெடித்துவிடும். டியூப் உப்பிக் கல்லாக நின்றது. ஆனால் கிழியாமல் நின்றது. கடைசிச் சொட்டு இறங்கியபோதுதான் தர்மலிங்கம் வேட்டியை இறுக்கிக்கொண்டு புதரிலிருந்து வந்தான். இரண்டாவது அடியையும் வாங்கிக்கொண்டு லாரியில் ஏறினான்.

சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனில் ஆட்களை வரிசையாக நடத்திப் போனார்கள். காரைக் கடக்கும்போது அவன் வேகத்தைக் குறைத்தான்.

"அண்ணே, பஞ்சர் இல்லையே?"

"இல்லடா."

"பினாங்கு டியூப். மறந்துடாதீங்க."

முதுகைத் தேய்த்துக்கொண்டே போனானாம். நிஜமாகவே வயிற்று வலியா என்று அய்யாவு கேட்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. அன்று மாலை அழகம்மா இதை அவரிடம் கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சு இல்லை.

ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள். வெள்ளைக்காரத் துரைமார் திரும்பி வந்து காரைப் பார்த்துச் சிரித்தார்கள். வேண்டிய உறுப்புகளைப் பினாங்கிலிருந்து தருவிக்கலாம், என்ன வேண்டும் என்று ஆபீசில் கேட்டார்கள். ரேடியேட்டருக்குப் புதுக் குழாய் எழுதவா என்றார் கணக்கெழுதும் கிராணி.

"குழாய் இருக்குங்க, ஓடுது" என்றார் அய்யாவு. "சைக்கிள் டியூப் ஒண்ணு எழுதுங்க."

டியூப் வந்துவிட்டது. ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மரவள்ளி மாவு தூவி, சுருட்டி, தகர டப்பாவில் வைத்திருக்கிறார். தர்மலிங்கத்தின் சைக்கிள் அவர் வீட்டுப் பலகைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வாரம் தவறாமல் சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறார். சயாமிலிருந்து இன்னும் ஒருவர் இருவராக வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஸ்டேஷன் பக்கம் கார் போனால் அய்யாவு கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் வருகிறார். அவர் தம்பிக்காகவும்தான்.

"டியூப்பை மாட்டி வச்சா யாராச்சும் ஓட்டலாமே" என்று போன வாரம் அழகம்மா சொன்னது எங்கள் வீட்டில் கேட்டது.

"அவன் வந்து மாட்டிக்குவான்" என்றார் அய்யாவு. "அடுத்தவங்க கை பட்டா அவனுக்குப் புடிக்காது."